மறியற்சாலைக்கு மாற்றாக ஒரு மனிதர்

"நன்னடத்தை உத்தியோகத்தர் வந்திருக்கிறார்" என்னும் செய்தி ஒரு தோட்டத்து லயத்திற் பரவுமாயின், அங்கே முதலில் எழுவது அச்சமே. "யாரைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறாரோ?" என்று முணுமுணுப்போர் பலர். கோப்புகள் நிறைந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மழையில் வழுக்கும் படிகளில் ஏறி வருகின்ற அவரைப் பொலிசாரின் ஒற்றர் என்று கருதிக் கதவைச் சாத்திக்கொள்வோரும் உளர். உண்மையோ இதற்கு நேர்மாறானது. ஒருவனை மறியற்சாலைக்கு அனுப்பாமலிருக்க வழியுண்டா என்று நீதிமன்றத்தின் சார்பிற் பார்த்துவர வந்தவர் அவர். கதவைச் சாத்திக்கொள்பவர்கள், தங்கள் பிள்ளைக்காகப் பேசக்கூடிய ஒருவரையே வெளியே நிறுத்திவிடுகின்றனர்.

தலவாக்கலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே வாழும் நம் குடும்பங்களுக்கு, நீதிமன்றம் என்றால் என்ன, பிணை என்றால் என்ன, தண்டப்பணம் என்றால் என்ன என்பன ஓரளவு தெரியும். நன்னடத்தைச் சேவை என்பது யாது, அது யாருக்கு உரியது, அதன்முன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பன தெரிந்தோர் மிகச் சிலரே. இவ்வறியாமையினால் ஓர் இளைஞனின் வாழ்வே திசைமாறக்கூடும் ஆதலின், மாணவரும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் சிலவற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

மூன்று வழிகள்

குற்றம் செய்தவரை நான்கு சுவர்களுக்குள் அடைக்காமல், சமூகத்தின் நடுவிலேயே வைத்துக் கண்காணித்துத் திருத்தும் முறைகள் நம் நாட்டில் மூன்று உள்ளன.

முதலாவது, நன்னடத்தைக் கண்காணிப்பு. குற்றம் செய்தவருக்கு உடனே தண்டனை விதிக்காமல், குறித்த ஒரு காலம்வரை நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவரின் மேற்பார்வையில் ஒழுங்காக வாழும்படி நீதிமன்றம் உத்தரவிடுவது இது. அக்காலம் நல்லபடியாக முடிந்தால் அவர் மறியற்சாலையின் வாயிலைக் காணவேண்டியதில்லை.

இரண்டாவது, சமுதாயஞ்சார் சீர்திருத்தம். சிறு குற்றத்துக்காக மறியல் செல்ல வேண்டியவர், அதற்குப் பதிலாக வைத்தியசாலை, பாடசாலை, பொதுவீதி போன்ற இடங்களிற் குறித்த மணிநேரம் ஊதியமின்றி உழைக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் இதற்கு வழிவகுத்தது.

மூன்றாவது, அனுமதிப்பத்திரத்தின் பேரில் விடுதலை. நெடுங்காலத் தண்டனை பெற்று உள்ளே இருக்கும் ஒருவர், நன்றாக நடந்துகொண்டார் எனக் காணப்படுமிடத்து, தண்டனைக் காலம் முடியும் முன்னரே சில நிபந்தனைகளோடு வீடு திரும்ப அனுமதிக்கப்படுவது இது. மேனாட்டார் இதனைப் பரோல் என்பர். அச்சொல் பிரெஞ்சு மொழியில் "வாக்கு" என்னும் பொருளுடையது. கொடுத்த வாக்கை நம்பித் திறக்கப்படும் கதவு என்று கொள்ளலாம்.

சுருங்கக் கூறின், முதலிரண்டும் மறியலுக்குச் செல்லும் பாதையில் நின்று தடுப்பன; மூன்றாவது, சென்றவரைக் கைப்பிடித்து அழைத்து வருவது.

சப்பாத்துத் தொழிலாளி காட்டிய வழி

இம்முறைகளை உலகுக்குத் தந்தவர்கள் யாவரும் பெரிய சட்ட நிபுணர்கள் என்று எண்ணிவிட வேண்டா. அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே ஜோன் அகஸ்டஸ் என்ற சப்பாத்துத் தொழிலாளி ஒருவர் வாழ்ந்தார். 1841ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் ஒருநாள் அவர் நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தபோது, கந்தலுடுத்த குடிகாரன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினர். அவனுக்கு மறியல் நிச்சயம் என்ற நிலை. அகஸ்டஸ் அவனோடு சில வார்த்தைகள் பேசினார். அவனுக்குத் தாமே பிணை நின்று அழைத்துச் சென்றார். மூன்று வாரங்களின் பின் அவன் மீண்டும் நீதிமன்றத்துக்கு வந்தபோது, முன்பு கண்ட மனிதன்தானா இவன் என்று வியக்கும்படி மாறியிருந்தான். நீதிபதி அவனுக்குப் பெயரளவில் ஒரு சதம் தண்டம் விதித்து அனுப்பிவிட்டார்.

அதன்பின் அகஸ்டஸ் 1859இல் மறையும்வரை ஏறத்தாழ ஈராயிரம் பேருக்கு இவ்வாறு பிணை நின்றார். எல்லோரையும் கண்மூடித்தனமாக அவர் ஏற்கவில்லை. ஒருவனுடைய வயது என்ன, முன்னர் எவ்வாறு வாழ்ந்தான், இனி யாரோடு பழகுவான் என்று விசாரித்தே பொறுப்பேற்றார். ஏற்றபின் தங்க இடமும் செய்யத் தொழிலும் தேடிக் கொடுத்தார். இன்று நன்னடத்தை உத்தியோகத்தர் செய்யும் பணியின் சாரம் அனைத்தும் அந்தச் சப்பாத்துத் தொழிலாளியின் செயலிலேயே அடங்கிவிட்டது. 1878இல் மசாச்சுசெற்ஸ் மாநிலம் இதற்கெனச் சட்டமியற்றி, ஊதியம் பெறும் உத்தியோகத்தரை நியமிக்க வழிசெய்தது. இங்கிலாந்து 1907இற் சட்டம் செய்தபோது, உத்தியோகத்தரின் கடமைகளுள் மூன்றை விதந்து கூறியது: அறிவுரை கூறல், உதவுதல், நண்பராதல். சட்டப் புத்தகமொன்றில் "நண்பராதல்" ஒரு கடமையாக எழுதப்பட்டது வியப்புக்குரியதன்றோ!

பரோல் முறையின் வரலாறும் இத்தகையதே. அவுஸ்திரேலியாவுக்கு அப்பாலுள்ள நோர்போக் தீவிலே கொடிய கைதிகளைப் பிரித்தானியர் அடைத்து வைத்திருந்தனர். 1840இல் அங்கு அதிகாரியாகச் சென்ற அலெக்சாந்தர் மக்கோனக்கி, சாட்டையை ஒதுக்கிவைத்துப் புள்ளி முறையைக் கொணர்ந்தார். நல்லொழுக்கத்துக்கும் உழைப்புக்கும் புள்ளிகள் உண்டு. புள்ளிகள் சேரச் சேரக் கட்டுகள் தளரும். தன் விடுதலையைத் தானே சம்பாதிக்கும் மனிதனே விடுதலைக்குப்பின் நேராக நடப்பான் என்பது அவர் கொள்கை. மேலிடத்தார் அவரை நெடுநாள் அங்கு வைத்திருக்கவில்லை. எனினும் அவர் விதைத்த கருத்தை அயர்லாந்திலே வால்ற்றர் குரொப்ற்றன் வளர்த்தெடுத்தார். பின்னர் அது பல நாடுகளுக்கும் பரவியது.

நம் நாட்டில்

இலங்கையில் 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் கட்டளைச் சட்டம், பிள்ளைகளின் வழக்குகளை வளர்ந்தோரின் வழக்குகளிலிருந்து பிரித்து நோக்கும் வழியைத் திறந்தது. 1944ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நன்னடத்தைக் கண்காணிப்பை நிறுவியது. 1956இல் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகளுக்கெனத் தனித் திணைக்களம் தோன்றியது. இவ்விரு பணிகளும் ஒரே கூரையின்கீழ் வந்தமை தற்செயலன்று. வழிதவறிய பிள்ளையும் கைவிடப்பட்ட பிள்ளையும் பெரும்பாலும் ஒரே பிள்ளைதான் என்னும் அனுபவ அறிவின் விளைவு அது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் இச்சேவையை மாகாண சபைகளுக்குரிய விடயங்களுட் சேர்த்தது. ஆதலின் தலவாக்கலைக் குடும்பமொன்று இவ்விடயத்திற் சந்திக்கும் உத்தியோகத்தர் மத்திய மாகாணத் திணைக்களத்தைச் சேர்ந்தவராவார்.

இன்னொரு மாற்றத்தையும் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. எட்டு வயதுப் பிள்ளையையும் குற்றவாளியாக்கலாம் என்ற பழைய நிலை, 2018இல் தண்டனைச் சட்டக் கோவைக்குச் செய்யப்பட்ட திருத்தத்தினால் நீங்கிற்று. இன்று பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை எச்செயல் செய்யினும் அது குற்றமாகாது.

மலைநாட்டின் பழங்கணக்கு

சட்டத்தைக் கண்டு நம்மவர் அஞ்சுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. அவ்வச்சம் பாட்டன், பூட்டன் காலத்திலிருந்து வந்தது. 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டுச் சென்ற தொழிலாளியை மறியலில் இடலாம். வேலையை விடுவது இன்னொருவனுக்கு உடன்படிக்கைப் பிணக்கு. கொழுந்தெடுத்தவளுக்கும் மலை வெட்டியவனுக்கும் அது குற்றம். இதனோடு "துண்டு" முறையும் இருந்தது. கங்காணியின் கீழுள்ள ஆட்களின் கடன் எவ்வளவு என்பதைக் காட்டும் அச்சீட்டு இருந்தாலன்றி வேறொரு தோட்டம் அவர்களை ஏற்காது. துண்டு முறையும், வேலையை விட்டமைக்காக மறியலிடும் விதிகளும் 1920களின் தொடக்கத்திலே ஒழிக்கப்பட்டன.

அதே காலப்பகுதியில் உலகின் பிற பாகங்களிலே, கைதியின் கையிற் கொடுக்கப்பட்ட சீட்டு விடுதலையின் சின்னமாயிருந்தது. நம் முன்னோரின் கையிலிருந்த சீட்டோ கடனின் சின்னமாயிருந்தது. சட்டம் என்றாலே தன்னைப் பிடித்துக் கட்டுவது என்று ஒரு சமூகம் நான்கு தலைமுறை நம்பியிருப்பின், அச்சட்டத்தின் பெயரால் நண்பனாக ஒருவர் வரும்போது அவரை எவ்வாறு உடனே நம்பும்? இந்நம்பிக்கையின்மையைப் பழிப்பதிற் பயனில்லை. அதனை அறிவினால் நீக்குதலே செய்யத்தக்கது.

அறிக்கையில் எழுதப்படுவது

ஓர் உதாரணம் கொள்வோம். பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் நகரத்துக் கடையொன்றிலிருந்து கைத்தொலைபேசி ஒன்றை எடுத்துவிட்டான். தந்தை கொழும்பிலே கடையில் வேலை. மாதத்தில் ஒருமுறை வருவார். தாய் காலையிற் கொழுந்துக்குச் சென்றால் மாலையில்தான் திரும்புவாள். வீட்டில் இருப்பவர் கண்பார்வை மங்கிய பாட்டி ஒருவரே. பையன் ஆறு மாதமாகப் பாடசாலைக்கு ஒழுங்காகப் போகவில்லை.

நீதவானின் முன்னே இருப்பது கைத்தொலைபேசி மட்டுமே. மேற்கூறிய ஏனைய செய்திகளை அவர் எவ்வாறு அறிவார்? அவற்றை அறிந்து எழுதுவதற்காகவே நன்னடத்தை உத்தியோகத்தர் லயத்துக்கு வருகின்றார். வீட்டைப் பார்க்கின்றார், தாயோடு பேசுகின்றார், பாடசாலையில் அதிபரை விசாரிக்கின்றார். "இப்பையனிடம் திருந்தும் குணம் உண்டு, தாயின் சகோதரர் அடுத்த தோட்டத்தில் இருக்கின்றார், அவர் பொறுப்பேற்க இசைகின்றார், பாடசாலையும் மீண்டும் சேர்த்துக்கொள்ள உடன்படுகின்றது" என்று அறிக்கையில் அமையுமானால், அப்பையனின் வாழ்வு ஒரு வழியிற் செல்லும். "வீட்டார் பேச மறுத்தனர், பொறுப்பேற்பார் எவருமிலர்" என்று அமையுமானால் வேறு வழியிற் செல்லும். இரண்டுக்கும் இடையே நிற்பது ஒரு பிற்பகல் நேரத்து உரையாடலேயாகும்.

ஆகவே உத்தியோகத்தரிடம் உண்மையைக் கூறுங்கள். மானத்துக்கு அஞ்சிக் குடும்பக் குறைகளை மறைக்க வேண்டா. தந்தையின் குடியை மறைத்துப் பையனைக் காப்பாற்றியதாக நினைக்கும் தாய், உண்மையில் அவனுக்குக் கிடைக்கவேண்டிய உதவியையே மறைத்துவிடுகின்றாள். பிறப்புச் சான்றிதழ், பாடசாலைக் கடிதம் முதலியவற்றை ஆயத்தமாக வைத்திருங்கள். உத்தரவின் பொருள் விளங்காவிடின், தமிழில் விளக்குமாறு கேளுங்கள். விளங்கிய பின்னரே உடன்படுங்கள். தமக்கு விளங்காத நிபந்தனையை எவராலும் காப்பாற்ற இயலாது.

முகவரியும் நாட்சம்பளமும்

இங்கே மலைநாட்டுக்கேயுரிய இடர்ப்பாடுகள் இரண்டு உள. நகரத்தவருக்கு வீட்டிலக்கமும் வீதிப்பெயரும் உண்டு. நம்மவருக்கு வரும் கடிதங்கள் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து அலுவலகத்துக்கே வந்து, அங்கிருந்து கைமாறிச் சென்றன. பல தோட்டங்களில் இவ்வழக்கம் நீங்கியபாடில்லை. நீதிமன்றத் தவணையை அறிவிக்கும் கடிதம் பிந்திக் கிடைத்தால், தவணைக்கு வராதவன் வேண்டுமென்றே ஒளிந்தவனாகக் கருதப்பட்டுப் பிடியாணைக்கு உள்ளாவான். ஆதலின் தவணை நாளை நீதிமன்றத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும். உத்தியோகத்தரிடம் தொலைபேசி இலக்கத்தையும் லயத்தின் இலக்கத்தையும் தெளிவாகக் கொடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, சம்பளம். தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கோ அட்டனுக்கோ ஒருநாள் சென்றுவந்தால், அன்று பிரட்டுக்களத்திற் பேர் விழாது. மாதந்தோறும் இவ்வாறு ஒருநாட் சம்பளத்தை இழக்கும் குடும்பம், மூன்றாம் மாதத்திலே "இனிப் போகவேண்டாம்" என்று முடிவு செய்துவிடுவதும் உண்டு. நிபந்தனை மீறப்பட்டால் வழக்கு மீண்டும் நீதிமன்றத்துக்குச் செல்லும்; முதற் குற்றத்துக்குரிய தண்டனையே வந்து சேரலாம். போகமுடியாத நாளை முன்கூட்டியே உத்தியோகத்தருக்கு அறிவித்தால் பெரும்பாலும் வழி பிறக்கும். அறிவியாமல் நின்றுவிட்டால் பிறக்காது. தோட்ட நிருவாகமும் தொழிற்சங்கங்களும், இத்தகைய நாட்களில் ஒரு குடும்பம் தண்டனை மேற் தண்டனை பெறாதவாறு பார்த்துக்கொள்வது அவற்றின் கடமை.

தண்டப்பணம் செலுத்த இயலாமையினால் மறியல் செல்வோரையும் இங்கே நினைக்க வேண்டும். தண்டனை பெற்றுச் சிறைக்குச் செல்வோரிற் பெருந்தொகையினர் இத்தகையோரே என்பதைச் சிறைச்சாலைப் புள்ளிவிவரங்கள் பல ஆண்டுகளாகக் காட்டி வந்துள்ளன. கசிப்புக் குற்றத்துக்காகத் தண்டம் விதிக்கப்பட்ட ஏழை, பணமின்மையால் உள்ளே செல்கின்றான். அவன் மனைவி மக்கள் வெளியே பட்டினி கிடக்கின்றனர். உரியவிடத்து, மறியலுக்குப் பதிலாகச் சமுதாயப்பணியை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதை அவனுக்கு யாரேனும் எடுத்துக்கூற வேண்டாமா?

இரக்கத்தால் குற்றம் பெருகாதா?

இவ்வாறு வினவுவோரும் உளர். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? அடித்தால்தான் திருந்துவான்" என்பர். வளைத்தல் வேறு, ஒடித்தல் வேறு. முதன்முறை தவறிய இளைஞனைத் தேர்ந்த குற்றவாளிகளோடு சேர்த்து அடைத்தால், அவன் கற்றுவருவது நல்லொழுக்கமாகாது. மேலும் நன்னடத்தைக் கண்காணிப்பு மன்னிப்பன்று. குறித்த நாளிற் செல்லவேண்டும். குடியையும் கூடாநட்பையும் விடவேண்டும். பறிகொடுத்தவருக்கு ஈடு செய்யும்படியும் நீதிமன்றம் பணிக்கலாம். ஒருவகையில் நோக்கின் மறியலைவிட இது கடினம். மறியலில் ஒழுங்கைப் பிறர் காப்பர். வெளியில் அவனே காக்கவேண்டும்.

எல்லோருக்கும் இம்முறை ஏற்றதன்று என்பதையும் மறுப்பதற்கில்லை. பிறர் உயிருக்கும் மானத்துக்கும் ஊறு செய்தோரை அடைத்து வைக்கவேண்டிய இடங்களும் உண்டு. அதனாலன்றோ முதலில் விசாரணை, பின்னர் அறிக்கை, அதன்பின் உத்தரவு என்று படிகள் வகுக்கப்பட்டன! செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை, கண்ணோட்டம் என்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்த வள்ளுவர், நீதியை ஆராயத் தொடங்குபவன் இறுதியில் இரக்கத்துக்கு வந்துசேர வேண்டும் என்னும் ஒழுங்கைக் காட்டியவர் போலத் தோன்றுகின்றார்.

பெயர்

தோட்டத்திலே பேர் என்பது பெரிய சொல். வேலைக்குச் சென்றால் "பேர் போட்டார்கள்" என்போம். தவறினால் "பேர் கெட்டது" என்போம். நன்னடத்தைக் கண்காணிப்பிலுள்ள ஒருவனுக்கு நீதிமன்றம் தண்டனை விதியாதிருப்பினும், நாம் விதித்துவிடுகின்றோம். பாடசாலைப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குகின்றோம். "களவெடுத்தவன்" என்று பட்டப்பெயர் சூட்டுகின்றோம். அவன் தங்கைக்கு வரும் சம்பந்தத்தையும் தட்டிக்கழிக்கின்றோம். அனுமதிப்பத்திரத்தோடு வீடு திரும்பியவன் வேலை கேட்டால், "பார்ப்போம்" என்று கூறி அனுப்புகின்றோம். வேலையும் நட்பும் மறுக்கப்பட்டவன் பழைய கூட்டத்தையே மீண்டும் தேடிச் செல்வானாயின், அக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

ஆசிரியர்களாகிய எமக்கு இதிற் சிறப்பான பொறுப்பு உண்டு. பாடசாலைக்கு ஒழுங்காக வரும் பையனைப் பற்றி உத்தியோகத்தர் நல்லறிக்கை எழுதுதல் எளிது. பெயர் நீக்கப்பட்டவனைப் பற்றி எழுத அவருக்கு எதுவும் இராது. ஒரு பிள்ளைமீது வழக்கு என்று கேள்வியுற்றால், இடாப்பில் அவன் பெயருக்கு நேரே சிவப்புக்கோடு இழுப்பதற்கு முன், அவன் வீட்டுக்கு ஒருமுறை சென்று வருவோம். வகுப்புத் தோழர்களாகிய மாணவர்களே, அவன் திரும்பி வரும் நாளில் வாங்கில் அவனுக்குரிய இடத்தை விட்டு வையுங்கள். நடந்தது என்னவென்று துருவிக் கேளாதீர்கள்.

நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவருக்குப் பல தோட்டங்கள், பல கோப்புகள், பிள்ளை மகவேற்பு முதல் சிறுவர் இல்லங்கள்வரை பலவகைப் பணிகள். மாதத்தில் ஒருமுறை வந்து போவதே அவரால் இயலும். எஞ்சிய நாட்களில் அப்பையனைப் பார்த்துக்கொள்ளக் கூடியவர்கள் அயல்வீட்டாரும், ஆசிரியரும், கோயிற் பெரியவர்களும், விளையாட்டுக் கழகத்து அண்ணன்மாருமே. பொஸ்டன் நகரத்துச் சப்பாத்துத் தொழிலாளிக்குச் சட்டமும் இல்லை, திணைக்களமும் இல்லை. நமக்கு அவை இரண்டும் உண்டு. அடுத்த முறை அந்தப் பையைத் தோளிற் சுமந்து ஒருவர் படியேறி வரும்போது, கதவைத் திறந்து, ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து, "உட்காருங்கள் ஐயா, பிள்ளையைப் பற்றிச் சொல்கிறோம்" என்று பேசத் தொடங்குவோமாக.